நிலவேம்பு: பயனும் பாதுகாப்பும்



நிலவேம்பு என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே நாவில் கசப்பு ஊறப் பெறாத தமிழர் மிகச் சிலரே. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மிடம் ஊரின் அடையாளங்கள் பல இன்று இல்லை. ஆயினும் சமையலறையின் மேல்தட்டில், மிளகுக்கும் சுக்குக்கும் பக்கத்தில், காய்ந்த நிலவேம்பு ஒரு பொட்டலமாகவேனும் இருந்துவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சுட்டால் முதலில் அந்தப் பொட்டலத்தையே நாடுகிறோம். அந்த மூலிகையின் பழைய பயன்கள் யாவை, அதனைத் தீங்கின்றிப் பதப்படுத்திக் காய்ச்சிப் பருகுவது எங்ஙனம், எந்த நிலையில் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்னும் மூன்றையும் இன்று எண்ணிப் பார்ப்போம்.

இவற்றைப் பேசுவதற்குப் பெங்களூரின் காக்ஸ் டவுன் மிகப் பொருத்தமான இடம். 1809 ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தது. மக்கள் அதனைத் தண்டு என்றே வழங்கினர். படையைச் சார்ந்து சிப்பாய்களும் கொத்தர்களும் வணிகர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தனர். 1864 ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப் பாதை வந்த பின்பு அவ்வரவு இன்னும் எளிதாயிற்று. 1898 ஆம் ஆண்டில் பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கியது. நெருக்கமான சந்துகளை விட்டுக் காற்றும் வெளிச்சமும் உள்ள இடங்களில் மக்கள் குடியேற வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. அவ்வெண்ணத்தின் பயனாக எழுந்தது பிரேசர் டவுன். அதன் அண்டையில் அமைந்தது காக்ஸ் டவுன். ஆகவே, நோயைக் கண்டு அஞ்சிய ஒரு காலத்தின் நிழலிலேதான் இப்பகுதி வளர்ந்தது எனலாம். இன்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் உருதுவும் ஆங்கிலமும் இங்கே ஒரே தெருவில் கலந்து ஒலிக்கின்றன. ஒரு மூலிகைக்கு ஆறு பெயர்கள் வழங்கும் இடமும் இதுவே.

இங்கே ஓர் உண்மையை நாம் கருத வேண்டும். ஊரில் நிலவேம்பைப் பறித்து வந்தவள் பாட்டி. அது எந்த வரப்பில் முளைத்தது, எப்போது பூத்தது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, கருவுற்ற மருமகளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்பவையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. நாம் குடிபெயர்ந்தபோது மருந்து நம்மோடு வந்தது, மருந்தறிந்தவள் வரவில்லை. பொட்டலத்தை விலைக்கு வாங்குகின்ற நாம், பாட்டியிடம் இருந்த அறிவை வேறு வழியில் தேடிப் பெறுதல் கடமையாகின்றது.

முதலில் செடியை அறிவோம். நிலவேம்பு ஓராண்டுச் செடி. முழங்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரை நிமிர்ந்து வளரும். அதன் தண்டு உருண்டையாக இராமல் நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் ஈட்டி முனை போலக் குறுகி, இரண்டிரண்டாக எதிரெதிரே அமையும். பூக்கள் சிறியவை, வெண்மையில் ஊதாக் கோடு படிந்தவை. வேம்பைப் போல் கசப்பதனால் இப்பெயர் பெற்றதேயன்றி, வேப்ப மரத்திற்கும் இதற்கும் குலத்தொடர்பு இல்லை. தாவர நூலார் இதனை ஆடாதோடையின் குடும்பத்தில் வைத்து, ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா என்று பெயரிட்டனர். கசப்புக்குக் காரணமான பொருள் ஆண்ட்ரோகிராபோலைடு என்பது. அது இலையில் மிகுதியாகவும் தண்டில் குறைவாகவும் இருக்கின்றது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக் கொண்டால், கடையில் நல்ல சரக்கையும் தீய சரக்கையும் பிரித்தறிவது எளிது.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். கர்நாடகத்தில் இதனை நெலபேவு என்பர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நேலவேமு. கேரளத்தில் நிலவேப்பு என்றும் கிரியாத்து என்றும் சொல்வர். வடநாட்டிலும் வங்காளத்திலும் கால்மேக் என்றால் புரிந்து கொள்வர். தமிழகத்திலேயே பல ஊர்களில் சிறியாநங்கை என்ற பெயரை இதற்கு வழங்குவர். சில ஊர்களில் அப்பெயர் வேறு செடியைக் குறிக்கும். பெங்களூரில் நாட்டு மருந்துக் கடையைக் கிரந்திகெ அங்கடி என்பது வழக்கம். அங்கே சென்று நிலவேம்பு என்று மட்டும் கேட்காமல், நெலபேவு என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பெயர் மயக்கத்தால் நேரும் பிழை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். இமயமலைச் சாரலில் விளையும் சிராயதா என்னும் வேறொரு கசப்பு மூலிகை உண்டு. வடமொழியில் அதன் பெயர் கிராததிக்தம். மலையாளத்துக் கிரியாத்தும் வடமொழிக் கிராததிக்தமும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் வேறானவை. இரண்டும் கசப்பவை, இரண்டும் சுரத்திற்கு வழங்கியவை, ஆதலின் விற்பவரும் வாங்குபவரும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது நெடுநாளாக நிகழ்ந்து வருகின்றது. சிராயதாவின் அடித்தண்டு உருண்டையாகவும், உட்புறம் அகன்ற மஞ்சள் நிற நெட்டியோடும் காணப்படும். நிலவேம்பின் தண்டோ பச்சை மாறாத நான்கு பட்டையுடையது. தண்டை விரலிடையே உருட்டிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். பொடியாக வாங்கினால் இச்சோதனைக்கு இடமில்லை. ஆகவே, தனி நிலவேம்பு வேண்டுவோர் பொடியை விட இலையும் தண்டுமாக உள்ள காய்ந்த செடியை வாங்குவதே சிறப்பு.

நல்ல சரக்கின் இலக்கணம் என்ன? பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து நிழலில் உலர்த்திய செடியில் இலைகள் மிகுந்திருக்கும். நிறம் கரும்பச்சையாக இருக்கும். வெயிலில் வாட்டி, பழுப்பேறி, இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்கும் கட்டில் ஆற்றல் குறைவு. மணம் ஏறக்குறைய இராது. புழுக்க நாற்றமோ பூஞ்சணத்தின் வெண்படலமோ தெரிந்தால் அதனை விலக்கிவிட வேண்டும். மீண்டும் வெயிலில் உலர்த்தினால் பூஞ்சணத்தின் நஞ்சு போய்விடும் என்று எண்ணுவது தவறு. வாங்கி வந்ததை மண்ணும் தூசும் போகத் தட்டி, வேறு செடிகளின் தழை கலந்திருந்தால் பொறுக்கி நீக்கி, ஈரமற்ற கண்ணாடிக் குடுவையில் இட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். குடுவையின் மேல் பெயரும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம். நாட்பட நாட்பட இதன் சத்துக் குறைவதனால், ஓராண்டு கடந்ததைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதே முறை.

சுரத்தை ஓட்டுவது என்று பொருள்படும் பெயருடைய செடி மேலை நாட்டிலும் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பீவர்பியூ என்பர். அது சாமந்தியின் இனம். பெயர் சுரத்தைக் குறித்தாலும், இக்காலத்தில் அது பேசப்படுவது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியைக் குறித்தே. 1980களில் இங்கிலாந்து மருத்துவர்கள் அதனை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தனர். அதன் பச்சை இலையை நாள்தோறும் மென்றவர்களுக்கு வாய்ப்புண் தோன்றுவதுண்டு. கருவுற்றவர்கள் அதனை விலக்க வேண்டும். இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்னும் பாடத்தை அவர்களும் கற்றார்கள். பெயர் ஒத்திருப்பது கண்டு, அந்தச் செடிக்குச் சொல்லிய பயனை நம் நிலவேம்புக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

நிலவேம்பின் பழைய பயன்களை இனிக் காண்போம். விட்டு விட்டு வரும் சுரம், சுரம் நீங்கிய பின் தோன்றும் சோர்வு, பசியின்மை, வயிற்றுப் புழு, ஈரல் கோளாறு ஆகியவற்றுக்கு இதனைச் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வழங்கின. வங்காளத்தில் இதன் இலைச்சாற்றோடு ஏலம், இலவங்கம் முதலியவற்றைச் சேர்த்து ஆலுயி என்னும் வீட்டு மருந்து செய்து குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்குக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. தாய்லாந்திலும் சீனத்திலும் தொண்டைக் கரகரப்புக்கும் சளிச்சுரத்திற்கும் இது பயன்படுகின்றது. கொரோனா பரவிய காலத்தில், 2020 ஆம் ஆண்டின் இறுதியில், தாய்லாந்து அரசு நோயின் எளிய நிலையில் இம்மூலிகையைச் சோதனை முறையில் பயன்படுத்த இசைவளித்தது.

இற்றை நாள் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சாதாரணச் சளி, தொண்டை நோவு ஆகியவற்றின் துன்பத்தை இது ஓரளவு தணிக்கின்றது என்பதற்கு நோயாளிகளிடம் செய்த சோதனைகள் சில துணை நிற்கின்றன. டெங்கு, சிக்குன்குனியா கிருமிகளின் மேல் இதன் ஆற்றலை ஆய்வுக்கூடக் குழாய்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால், குழாயில் கண்டது உடம்பிலும் அவ்வாறே நிகழும் என்று உறுதி கூற இயலாது. தமிழ்நாட்டில் 2006 ஆம் ஆண்டின் சிக்குன்குனியாவின்போதும், 2012 ஆம் ஆண்டின் டெங்குவின்போதும் நிலவேம்புக் குடிநீர் பெரும்புகழ் பெற்றது. அரசு மருத்துவமனைகளிலேயே வழங்கப்பட்டது. அந்தச் செய்தி நம் காதுக்கு எட்டியபோது, அதற்குப் பக்கத்தில் நின்ற மற்றொரு செய்தி எட்டவில்லை. அங்கே குடிநீர் பெற்றவருக்கு இரத்தப் பரிசோதனையும் படுக்கையும் மருத்துவரும் அதே கட்டடத்தில் இருந்தன. காக்ஸ் டவுனில் தனி வீட்டில் காய்ச்சிக் குடிப்பவருக்கு அவை அருகில் இல்லை.

நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு ஒன்றினால் மட்டும் ஆனது அன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்னும் ஒன்பது சரக்குகளைச் சம எடையாகச் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்த சூரணமே அதற்கு உரியது. ஒன்பதையும் தனித்தனியே தேடி வீட்டில் கூட்டுவது வேற்று மாநிலத்தில் எளிதன்று. ஒன்று மாறினாலும் மருந்து மாறிவிடும். 1944 ஆம் ஆண்டில் தோன்றிய இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு நிறுவனமும், தமிழ்நாடு அரசின் டாம்ப்கால் நிறுவனமும் இச்சூரணத்தைச் செய்து விற்கின்றன. உரிம எண்ணும், தயாரித்த நாளும், காலாவதி நாளும் அச்சிட்ட பொதியையே வாங்குதல் வேண்டும். சாலையோரத்தில் பெயரில்லாத பையில் கட்டி விற்பதை, விலை மலிவு என்று வாங்கக் கூடாது.

காய்ச்சும் முறை எளியது. ஆயின் அளவு தவறக் கூடாது. பொதியின் மேல் உள்ள அளவே முதன்மையானது. பொதுவான வழக்கம், சூரணம் 5 கிராமுக்கு நீர் 200 மில்லி லிட்டர். மண் பாண்டத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இட்டு, மூடாமல், சிறு தீயில் கால் பங்காகச் சுண்டும் வரை காய்ச்ச வேண்டும். அஃதாவது 50 மில்லி லிட்டர் எஞ்ச வேண்டும். ஈயம் பூசாத செம்பும் பித்தளையும் கசாயத்திற்கு ஏற்றவை அல்ல. காய்ச்சியதைத் தூய வெண்துணியில் வடிகட்டி, இளஞ்சூட்டில், உணவுக்கு முன்பாகப் பருகுவர். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 50 மில்லி லிட்டர் வரை, நாளைக்கு இரு வேளை என்பது வழக்கம். காய்ச்சிய மூன்று நான்கு மணி நேரத்திற்குள் பருகிவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலையில் சூடாக்குவதும், நேற்றையதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் கூடா. மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரையே இதற்கு எல்லை. கசப்பு அதிகமானால் குணமும் அதிகமாகும் என்று இரட்டிப்பாக இடுவோர் உளர். அவர்கள் பெறுவது வாந்தியும் வயிற்றுப்போக்குமே. நோய் வராமல் காக்கும் என்று ஆண்டு முழுவதும் நாள்தோறும் பருகுவதும் தேவையற்றது.

இனி, யார் பருகலாகாது? கருவுற்ற பெண்களும், கருவுற விரும்பும் பெண்களும், பாலூட்டும் தாய்மாரும் அறவே விலக்க வேண்டும். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் கருவுக்குக் கேடு விளைதல் காணப்பட்டுள்ளது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர் இதனையும் சேர்த்துக் கொண்டால் இரத்தச் சர்க்கரை அளவு கடந்து தாழலாம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவருக்கு அழுத்தம் மிகக் குறையலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும், அறுவை மருத்துவத்திற்கு நாள் குறிக்கப்பட்டவரும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. சிறு குழந்தைகளுக்குத் தகுதி பெற்ற மருத்துவர் அளவு சொன்னாலன்றிக் கொடுக்கலாகாது. சிலருக்கு இது ஒவ்வாமையை உண்டாக்கும். ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் இம்மூலிகையால் நேர்ந்த கடும் ஒவ்வாமைகளை ஆராய்ந்து எச்சரித்தது. பருகிய பின் உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுமுறை அதனைத் தொடவே கூடாது.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை டெங்குவைப் பற்றியது. 2024 ஆம் ஆண்டின் செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. மழை பெய்து தேங்கும் ஒவ்வொரு பருவத்திலும் பெங்களூரில் இந்நோய் தலைகாட்டுகின்றது. டெங்குவின் இயல்பு வஞ்சகமானது. முதல் சில நாட்கள் சுரம் கொதிக்கும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சுரம் தானாகவே தணியும். ஆபத்துத் தொடங்குவது அந்தத் தணிவின்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும், தட்டணுக்கள் குறைவதும், இரத்தம் ஒழுகுவதும் அவ்வேளையில் நேரும். மூன்று நாள் நிலவேம்புக் குடிநீர் கொடுத்த தாய், நான்காம் நாள் காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுரம் விட்டது என்று மகிழ்கிறாள். பிள்ளை சோர்ந்து படுத்திருப்பதை மருந்தின் அயர்வு என்று எண்ணுகிறாள். கைமருந்தின் மேல் வைத்த நன்னம்பிக்கை, உயிர் காக்கும் நேரத்தை விழுங்கிவிடுவது இவ்வாறுதான்.

ஆகவே, சுரம் இரண்டு நாள் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், சிறுநீர் குறைதல், அமைதியின்மை, மிகுந்த உறக்கம், கைகால் சில்லிட்டுப் போதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், சுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுரம் தணிக்கப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் புரூபனும் இரத்த ஒழுக்கை மிகுவிக்குமாதலால் டெங்கு ஐயம் உள்ளபோது அவற்றைத் தொடக் கூடாது. நிலவேம்பு பருகியிருந்தால் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் சினந்து கொள்வார் என்று அஞ்சி மறைப்பவர் பலர். மருத்துவருக்கு வேண்டியது முழுச் செய்தி. நம் நாணம் அன்று.

இன்னொன்று. பாம்புக் கடிக்கு நிலவேம்பு அல்லது சிறியாநங்கை முறிவு என்னும் நம்பிக்கை நம் கிராமங்களில் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதனைக் கேட்டு வருகிறார்கள். பாம்பின் நஞ்சுக்கு மருத்துவமனையில் இடும் நச்சுமுறி ஊசி ஒன்றே மருந்து. இலையை மென்று கசக்கிறதா இனிக்கிறதா என்று பார்த்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

இத்தனை எச்சரிக்கைகளைக் கேட்ட பின்பு, அப்படியானால் இந்தச் செடியே வேண்டாமே என்று எண்ணத் தோன்றலாம். அவ்வாறு எண்ணத் தேவையில்லை. உடல்நலமுள்ள ஒருவர், எளிய சளிச்சுரத்தில், சரியான சரக்கை, சரியான அளவில், சில நாள் பருகுவதைப் பெரும்பாலோர் தீங்கின்றித் தாங்குகின்றனர் என்பது அனுபவமும் ஆய்வும் ஒருங்கே காட்டும் உண்மை. செடியை நேரில் அறிய விரும்புவோர் ஒரு தொட்டியிலும் இதனை வளர்க்கலாம். நல்ல விதை, நீர் தேங்காத மண், நாளில் சில மணி நேர வெயில் ஆகியவை போதும். பெங்களூரின் தட்பவெப்பம் இதற்குப் பகையன்று. வீட்டுப் பிள்ளைகள் நான்கு பட்டைத் தண்டைத் தொட்டுப் பார்க்கட்டும். ஓர் இலையின் நுனியைக் கிள்ளி நாவில் வைத்துப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடம் நெலபேவு என்று காட்டினால், அவர் வீட்டுப் பாட்டி சொல்லியதையும் அவர் சொல்லுவார். பெயர் இரண்டாயினும் செடி ஒன்றே என்று கண்டு கொள்வதில் ஓர் உறவும் மலரும்.

நம் முன்னோர் தந்த மருந்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதன் எல்லையை அறிந்து வழங்குவதே. இன்று மாலை உங்கள் சமையலறையின் மேல்தட்டிலுள்ள பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். அது நிலவேம்புதானா, எந்த ஆண்டினது, பூஞ்சணம் உண்டா என்று நோக்குங்கள். குடுவையில் இட்டுப் பெயர் எழுதுங்கள். அதன் கீழே மற்றொரு வரியும் சேர்த்து எழுதி வையுங்கள்: சுரம் இரண்டு நாளைக் கடந்தால் மருத்துவர்.